ரிலீவர் வராத காலை

எங்கள் தெருவில் வெள்ளைத் துணியை மாடியில் காயப்போடுகிறவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருப்பார். இல்லையென்றால் அது நானாக இருக்கும். எனக்கு வேறு வழி கிடையாது. பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுப்பது என் தொழில். தைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டையின் காலரில் மிளகளவு ஒரு கரித்துகள் வந்து உட்காரும். ஊதினால் போய்விடும். விரலால் தட்டினால் போச்சு, மை மாதிரி இழுத்துக்கொண்டு போகும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் எதையும் விரலால் தட்டுவதில்லை. எல்லாவற்றையும் ஊதித்தான் பார்ப்போம், சோற்றைக்கூட.

கரி வருவது தெருக்கோடியில் இருக்கும் அட்டைக் கம்பெனியிலிருந்து. சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்குப் போகிற லாரிகள் திரும்பும் முனையில் இருக்கிறது அது. பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி அட்டை செய்கிறார்கள். கூழைக் காயவைக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர். பாய்லரில் எரிவது விறகு என்று பேர்தான்; குப்பைக் காகிதத்தோடு வந்த பிளாஸ்டிக், ரெக்ஸின் துண்டு, பழைய டயர் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும். புகைக்கூண்டுக்கு உயரம் போதாது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மொத்தமும் எங்கள் தலையில்.

அந்த பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் உள்ளே எரித்தார், நான் வெளியே ஊதினேன். குடும்பம் நடந்தது.

பாய்லருக்கு இரண்டே ஆட்கள். இவர் இல்லையென்றால் எதிர்வீட்டு அண்ணன். காலையில் சங்கு ஊதினால் ஒருவர் உள்ளே போவார், மற்றவர் வெளியே வருவார். சாயங்காலச் சங்குக்கு அதுவே தலைகீழ். மாற்ற வருகிறவரை ரிலீவர் என்பார்கள். ரிலீவர் வந்து, தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்து, "சரி, நீ கெளம்பு" என்று சொல்லும்வரை உள்ளே இருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்து வரக் கூடாது. பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அந்தக் கண்ணாடிக் குழாயில்தான் தெரியும். தண்ணீர் இறங்கி, அதை யாரும் கவனிக்காமல் விட்டால், பாய்லர் வெடிக்கும். வெடித்தால் கேட்டும் இருக்காது, காம்பவுண்டுச் சுவரும் இருக்காது என்று கல்யாணமான புதிதில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். என்ன பெருமையோ. அன்றைக்கு என்னிடம் குடியேறிய பயம் இன்னும் காலி பண்ணவில்லை.

இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துப் பார்த்தவர்கள் தெருவில் கிடையாது. எதிர்வீட்டுப் பெண்ணின் சடங்கு விருந்தில்கூட ஒருவர் முதல் பந்தி, மற்றவர் கடைசிப் பந்தி. கம்பெனியில் பாய்லரைக் கழுவ நிறுத்தினால்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு. அன்றைக்கும் ஆளுக்கு ஒரு மூலையில் தூங்குவார்கள்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பியவள். இவருக்குச் சர்க்கரை வியாதி வந்தபிறகு என் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். நைட் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் காலை மாத்திரையை அங்கேயே வாயில் போட்டுக்கொள்வார். ரிலீவர் வந்து, இவர் கைகால் கழுவி, நடந்து வீட்டுக்கு வரும்போது தட்டில் இட்லி தயாராக இருக்க வேண்டும். தாமதமானால் உடம்பில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். ஒருமுறை அண்ணன் வர லேட்டாகி, இவர் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். டாக்டர் சாப்பாட்டோடு போடச் சொன்னார். இவர் சங்கோடு போட்டார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

போராட்டம் என்ற பேச்சு தொடங்கியது என் மகளின் இருமலில் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு இருமல் இருந்தது. எதிர்வீட்டு அக்காவின் சட்டினியில்தான் தொடங்கியது. அண்ணனின் மனைவியான அவள் தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறவள். ஒரு நாள் தேங்காய்ச் சட்டினியில் கரி மிதக்கிறது என்று வாடிக்கைக்காரர் ஒருவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"இத்த வுடக்கூடாது, மே. கேட்ட மறிச்சி உக்காரணும். உள்ள ஒருத்தன் போவக்கூடாது, வெளிய ஒருத்தன் வரக்கூடாது. மூணு நாளு அட்ட ஓடலன்னா தன்னால கூண்ட ஒசத்துவான்."

எனக்குக் கையிலிருந்த ஊசி குத்திவிட்டது. "யக்கா, உள்ள கீறது நம்ம ரெண்டு பேரு வூட்டுக்காரருங்கதானே?"

"ரெண்டு பேருல ஒருத்தருதான எப்பவும் உள்ள இருப்பாரு," என்று சிரித்தாள்.

நான் வேறு ஒன்று சொன்னேன். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி. கம்பெனி கேட்டுக்கு எதிரே கயிறு கட்டி, காலையில் தொங்கவிடுவோம், சாயங்காலம் எடுப்போம். யாரும் கத்த வேண்டாம். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

"தோச்சி காயப்போட்றதுக்குப் பேரு போராட்டமா? அத்த நான் டெய்லி பண்ணிகினு கீறேன்!"

தெருப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கடைசியில் என் பக்கம்தான் சாய்ந்தார்கள். சாய்ந்ததற்குக் காரணம் என் பேச்சுத் திறமை இல்லை. துணி தொங்கவிட்டால் போலீஸ் வராது, புருஷனுக்கு வேலை போகாது, பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து செய்யலாம். எனக்கும் அதில் பிடித்தது அதுதான். யாருக்கும் அடிபடாது. மனிதன் என்றால் ஏதோ ஒரு இடத்தில் வெட்கம் இருக்கும், அந்த இடத்தைத் தொட்டால் போதும் என்று நான் மனசார நம்பினேன்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கரண்டுக் கம்பத்திலிருந்து எதிர்க்கடைத் தூண் வரைக்கும் கயிறு. பள்ளிச் சட்டைகள், ஒரு வேட்டி, தலையணை உறை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்ணின் கோட்டு. காலையில் பளிச்சென்று இருந்தவை சாயங்காலம் எருமைக் கன்று நிறத்துக்கு வந்தன. கருப்புக்கொடி வாங்க நாங்கள் கடைக்கே போகவில்லை. கம்பெனியே சாயம் போட்டுக் கொடுத்தது. விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி வந்து பையன்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். யோசனை யாருடையது என்று கேட்டபோது அக்கா என்னை முன்னே தள்ளிவிட்டாள். நான் மைக்கைப் பார்த்து இருமினேன். அது நடிப்பில்லை, கரிதான். ஆனால் ஊரே பாராட்டியது. சில நாட்கள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு குட்டி வேன் வந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஆளுக்கு இரண்டு துணி சோப்பும் ஒரு பாட்டில் சொட்டு நீலமும் கொடுத்தார்கள். கொடுத்த பையனுக்குக் கேலி செய்கிற எண்ணமே இல்லை, பாவம், கும்பிட்டுக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். கையில் நீட்டியதை வாங்கித்தான் பழக்கம். அக்கா தன் பங்கு சோப்பைக் கம்பெனிச் சுவருக்கு மேலே வீசி எறிந்தாள். சொட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அது பாட்டில், உடைந்தால் யார் காலிலாவது குத்தும் என்று காரணம் சொன்னாள்.

அதற்கப்புறம் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மறியல் என்று முடிவாகிவிட்டது. காலைச் சங்குக்கு முன்னால் கேட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், நாள் ஷிப்டை உள்ளே விடக் கூடாது. அந்த வாரம் இவருக்கு நைட். சாயங்காலம் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது சொன்னேன்.

"யோவ், காலைல மறியல். அண்ணன் உள்ள வர முடியாது. மாத்திரய அங்க போட்டுக்காத. வூட்டுக்கு வந்து போட்டுக்கோ."

"எவ்ளோ நேரம் உக்காருவீங்க? போலீஸ் வந்தா எய்ந்து ஓடுவீங்க."

"மாத்திர, மாத்திர."

"சரி, சரி."

அவருடைய ஒரு 'சரி' என்றால் சரி. இரண்டு 'சரி' என்றால் காதில் விழவில்லை என்று பொருள்.

காலையில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம். நானும்தான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் புகைக்கூண்டு தெரியாது, அதனால் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை. சங்கு ஊதியது. எங்கள் ஆட்கள் கையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். என் மனசுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: இப்போது தண்ணீர் பாட்டிலைத் திறந்திருப்பார், இப்போது விழுங்கியிருப்பார்.

நாள் ஷிப்ட் ஆட்கள் எதிரே டீக்கடை ஓரமாக நின்றார்கள். அவர்களுக்குள் அண்ணனும் டிபன் பையோடு நின்றார். மானேஜர் கேட்டுக்கு உள்ளே நின்று, பாய்லர் ஆளையாவது விடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். அக்கா, "மொதல்ல கூண்ட ஒசத்து, அப்பால பேசு" என்றாள். கைதட்டல். போலீஸ் வந்தது. பெண்களும் கைக்குழந்தைகளும் இருக்கவே, நிழலில் ஒதுங்கி நின்று பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னது. வெயில் ஏறியது. புகையும் வந்துகொண்டுதான் இருந்தது. எங்களுக்கு அதுதான் பெரிய எரிச்சல். கேட்டை மூடிவிட்டால் கம்பெனி நின்றுவிடும் என்று நினைத்திருந்தோம். ஆனால் உள்ளே நைட் ஷிப்ட் ஆட்களை வைத்தே மெஷினை ஓட்டினார்கள். நெருப்பு இருக்கிற வரைக்கும் பாய்லருக்கு ஆள் வேண்டும். ஆள் இருக்கிற வரைக்கும் நெருப்பு இருக்கும். இது தெருவில் பல்லு விளக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அக்கா பக்கத்தில் நகர்ந்து போய் மெதுவாகக் கேட்டேன். "யக்கா, அண்ணன மட்டும் உள்ள வுட்டுடலாம். இவரு வெளிய வந்துடுவாரு."

"வுட்டா? என் ஆளு உள்ள போயி புத்சா நெருப்பு போடுவாரு. நாம இங்க உக்காந்துகினு அந்தப் புகைய துன்னணுமா? அதுக்கு இன்னாத்துக்கு மறியலு?"

"இவரு மாத்திர போட்டுகினு இருப்பாருக்கா. துன்னாம கீறாரு."

"உள்ள கேன்டீனு கீதுல்ல?"

"கேன்டீன் ஆளுங்களயும் நாமதான வெளிய நிறுத்தி வெச்சிகீறோம்!"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். யோசித்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் அத்தனை முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, மே. இறங்கி வருவானுங்க" என்றாள்.

அவள் சொன்னது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. ஒரு ஆளுக்கு வழிவிட்டால் அது மறியல் இல்லை, சந்தைக்கூட்டம். என் சட்டைகளைப் பார்த்து சோப்பு கொடுத்தனுப்பியவன், இங்கே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். அக்காவின் வழிதான் வேலை செய்கிறது. எனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. தெரிந்தும், பாழாய்ப்போன இந்தக் கூட்டம் கலைந்து போகாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

பெட்டிக்கடையில் தேன்மிட்டாய் பொட்டலம் ஒன்று வாங்கிக் கேட் இடுக்கு வழியாக வாட்ச்மேனிடம் நீட்டினேன். "பாய்லர்ல கீற எங்க வூட்டுக்காரருக்கு, அவசரம்" என்றேன். குடுத்தனுப்புறேன்மா என்றார். கேட்டை விட்டு நகரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அவர் யாரிடம் கொடுத்து அனுப்புவார்? போன் செய்யலாம் என்றால், உள்ளே போகும்போதே செல்போனை இதே வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இவருடைய போன் வாட்ச்மேனின் மேசையில் கிடந்தது. நான் அடித்துப் பார்த்தபோது கேட்டுக்குப் பின்னாலிருந்தே மணி கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கச் சந்திலிருந்து பெரிய கைதட்டல். பாய்லருக்கு விறகு தள்ளுகிற இரண்டு பேரும் சுவர் ஏறிக் குதித்து வெளியே வந்துவிட்டார்கள். எங்கள் பெண்கள் அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். தொழிலாளிகளும் நம் பக்கம் வந்துவிட்டார்கள் என்று ஒருத்தி செல்போனைப் பார்த்துப் பேசினாள். நான் அவர்களிடம் ஓடினேன். வடக்கிலிருந்து வந்தவர்கள், தமிழ் கொஞ்சம்தான்.

"அவரு எப்டி கீறாரு?"

"அண்ணா உட்கார்ந்து. வேர்வை நிறைய. பேச்சு இல்லை."

அப்படியென்றால் பாய்லர் ரூமில் அவர் ஒண்டி. அண்ணாந்து புகையைப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தது. அந்தப் புகையைத்தான் இத்தனை வருஷம் கரித்துக் கொட்டினேன். அன்றைக்கு, அது வருகிற வரைக்கும் அவர் கண் திறந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அது தப்புக் கணக்கு என்றும் தெரியும். ஆள் விழுந்தாலும் நெருப்பு எரியும், தண்ணீர் இறங்கும். எந்தப் பக்கம் நினைத்தாலும் பயம்தான் வந்தது.

கறுப்பாக வந்துகொண்டிருந்த புகை சாம்பல் நிறமானது. பிறகு வெளுத்தது. பிறகு நூல் மாதிரி மெலிந்தது. முதலில் பார்த்தது ஒரு சின்னப் பெண். "புகை நின்னு போச்சு!" என்று கத்தினாள். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. யாரோ குலவை போட்டார்கள். பறை இல்லாததால் டிபன் பாக்ஸைத் தட்டினார்கள். வருஷக்கணக்கில் வானம் மறைத்த கூண்டு ஒரு வெறும் கம்பமாக நின்றது. அக்கா அழுதாள், சந்தோஷத்தில். என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள்.

நான் அவளைத் தள்ளிவிட்டேன்.

"நெருப்பு சொம்மா அணையாதுக்கா! அவருக்கு இன்னாவோ ஆயிட்ச்சு!"

என் கத்தல் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவருக்குக் கேட்டது. டீக்கடை ஓரத்தில் நின்ற அண்ணனுக்கு. அவரும் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் சிரிக்காத முகம் என்னுடையதும் அவருடையதும்தான். டிபன் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"உள்ள கீற அண்ணாத்த நெருப்ப வெளிய இஸ்த்துப் போட்டுட்டாரு," என்றார் மனைவியிடம். "ஒண்டியா இஸ்த்துகீறாரு. வழி வுடு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி அவளே கூட்டத்தைப் பிளந்தாள். கேட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்த பெண்களைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். "நவுருங்கடி! நவுருங்க!" கேட் ஓராள் அளவு திறந்தது. உள்ளே ஓடும்போது வாட்ச்மேன் மேசையில் என் தேன்மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. அதற்காக இன்றைக்கும் நான் அந்த மனிதரை மன்னிக்கவில்லை.

பாய்லர் ரூமுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. நெருப்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த தணல் முழுவதையும் நீளக் கம்பியால் வாரித் தரையில் இழுத்துப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றியிருந்தார். தரையெல்லாம் கரிச்சேறு, ஆவி. அவர் விறகுக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே எதையோ உளறினேன். அண்ணன், அங்கே டீ போட வைத்திருந்த டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி, விரலால் அவர் கன்னத்துக்குள் அப்பினார். மறுபடியும் அப்பினார். முழுங்குகிற அளவுக்குத் தெளிந்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.

மெதுவாக வாய் அசைந்தது. நான் காதை வைத்துக் கேட்டேன். என் பெயர் இல்லை.

"கிளாஸ் பாரு," என்றார் அண்ணனிடம்.

அண்ணன் தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தார். "பாத்துட்டேன், அண்ணாத்த. சரியா கீது. நீ கெளம்பு."

அதற்கப்புறம்தான் அவர் தலையை என் தோளில் சாய்த்தார். நாங்கள் வெளியே கொண்டுவந்தபோது கூட்டம் வழிவிட்டு, கைதட்டி வரவேற்றது. பாய்லர் ஆளே நெருப்பை அணைத்துப் போராட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்று அதற்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது. ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு பையன் அவருக்கு மாலை போட வந்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் ஏறி, அவருக்குப் பேச்சு சரியானபிறகு கேட்டேன். "இன்னாத்துக்குய்யா நெருப்ப இஸ்த்த? எங்களுக்காவா?"

"கண்ணு இருட்டிகினு வந்துச்சு. நான் வுயுந்துட்டா கிளாஸ யாரு பாக்கறது?" கொஞ்சம் நிறுத்தினார். "நீங்கல்லாம் செவுத்தாண்ட உக்காந்துகினு இருந்தீங்க, மே. கொயந்தைங்களோட."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஆள் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அனுமதி இல்லாமல் பாய்லரை நிறுத்தினார், மெஷினில் இருந்த சரக்கெல்லாம் வீணாகிவிட்டது என்று கம்பெனி அவரை வேலையை விட்டு நிறுத்தியது. தெரு அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. கம்பெனியும் சரி, தெருவும் சரி, அவர் ஏதோ போராட்டம் செய்ததாகத்தான் நினைத்தார்கள். அவர் வீட்டில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து உட்காருவார். நான் தட்டில் இட்லி வைத்து, அவர் வாயில் முதல் விள்ளல் போனபிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுப்பேன்.

மறியல் மேலும் சில நாட்கள் நடந்தது. நான் போகவில்லை. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சட்டை தொங்கவிட்டேன், யாருக்கும் அடிபடவில்லை, சொட்டு நீலம் கிடைத்தது. அவள் கேட்டை மறித்தாள், கம்பெனி நின்றுபோனது, என் புருஷன் மண்ணில் சாய்ந்தார். அப்படியானால் எதுதான் சரி? என் வழி சரியென்று சொல்ல வாய் வரவில்லை; அந்தச் சட்டைகள் இன்னும் நூறு நாள் தொங்கியிருந்தாலும் கூண்டு ஒரு செங்கல் உயர்ந்திருக்காது. அவள் வழி சரியென்று சொல்ல மனசு வரவில்லை. அடி யார் மேல் விழும் என்பதை அடிக்கிறவர்கள் முடிவு செய்வதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்தது, கம்பெனி ஒத்துக்கொண்டது, அண்ணன் உள்ளே போய் மறுபடியும் நெருப்பு மூட்டினார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அக்கா அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலைச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒத்துகினானுங்களாமே?" என்றேன்.

"கூண்ட ஒசத்துறானாம். பிளாஸ்டிக்கு, டயரு எரிக்க மாட்டானாம். புகைய கழுவறதுக்கு ஒரு மிஷினு போடறானாம்."

"இவரு வேல?"

அக்கா முந்தானையை விரலில் சுற்றினாள். "மொத அதத்தான் கேட்டேன். சத்தியமா அதத்தான் கேட்டேன். அத்த மட்டும் வுட்டுடு, மீதி எல்லாத்துக்கும் சரின்னானுங்க."

"நீ இன்னா சொன்ன?"

"வெளிய தெருவே நின்னுகினு இருந்துச்சு, மே. கொயந்தைங்க..."

"கையெய்த்து போட்டியா?"

"போட்டேன்."

எனக்குள் கொதித்துக்கொண்டு வந்தது. என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று பல நாளாக மனசுக்குள் தைத்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் உள் அறையிலிருந்து இவருடைய குரல் வந்தது.

"அவனுக்கு யாரு ரிலீவரு?"

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் கோணிக்கொண்டு போனது. அப்போதுதான் கவனித்தேன், அவள் தலை வாரவில்லை, கடையும் போடவில்லை.

"கும்மிடிப்பூண்டிலேர்ந்து ஒருத்தன் வரான்னானுங்க. வரல. நேத்து காலைல உள்ள போனவரு. இன்னும் வூட்டுக்கு வரல. போன எடுத்து வெச்சிகினானுங்க. துன்னாரோ, கண்ண மூடினாரோ..."

நான் தைத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. இவர் எழுந்து வந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, உள்ளே விடமாட்டார்கள் என்பது ஞாபகம் வந்தது போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவுக்குப் போனேன்.

புகை வந்துகொண்டிருந்தது, கன்னங்கரேலென்று, நேராக எங்கள் பக்கம்.

"நிக்காது இல்ல?" என்றாள்.

"நிக்காதுக்கா," என்றேன். நிற்கக் கூடாதே என்று இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.